சுவா சூ காங்கிலிருந்து ஓர் அடுப்பைப் பற்றவைத்தது

முப்பத்தொரு வருடம் நான் ஏர்கான் வேலை பார்த்தேன். அலுவலகம், கிளினிக், தையல் கடை, ஜாலான் புசாரில் சன்னல் இல்லாத ஓட்டல் அறைகள், அடுக்குமாடி வீடுகள் என்று இந்தத் தீவில் நான் குளிரவைக்காத வகை அறை கிடையாது. ஓர் அறையைச் சூடாக்கித் தரச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம், ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, என் மகள் கேட்டாள்.

அப்போது நான் சுவா சூ காங்கில் எங்கள் ஒன்பதாவது மாடி வீட்டின் கூடத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி மூன்றாம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கைபேசியை என் முன்னால் நீட்டினாள்.

"உங்க பொண்ணு. உங்ககிட்டதான் பேசணுமாம்."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்பவும் ஜாக்கிரதையாக இருக்கும்போது அவள் வைத்துக்கொள்ளும் முகம் அது. நான் கைபேசியை வாங்கிக் காதில் வைத்தேன். அது வீடியோ அழைப்பு என்று அவள் சொன்ன பிறகு எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன். மகள் கம்பளித் தொப்பி போட்டு, ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, குளிருதுப்பா" என்றாள்.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் ஏன் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று புரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு மகளும் மருமகனும் செங்காங்கில் வீடு வாங்கினார்கள். அந்த வீட்டுக்கு ஏர்கான் போட்டது நான். நான்கு அறைக்கும், லீவு போட்டு, ஒரு வாரம் தனியாளாகச் செய்தேன். குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று வந்தவர்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நானே ஒவ்வொருவரையும் கூட்டிப்போய்ச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. ஆறு வருடம் கழித்து மருமகனுக்கு நியூசிலாந்தின் தென்பக்கத்தில் ஓர் ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை கிடைத்தது. வீட்டை விற்றார்கள். விற்பனை விளம்பரத்தில் "ஏர்கான் உண்டு" என்று போட்டிருந்தார்கள். என் வேலையைப் பற்றி அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மகள் போவதில்தான் எனக்கு வருத்தம். ஆனால் நான் ஏர்கானைப் பற்றித்தான் கோபப்பட்டேன். விமான நிலையத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, "அங்க போயி குளிருதுன்னு எனக்குப் போன் பண்ணாத" என்று அவளிடம் சொன்னேன். நான் சொன்னது கோபத்தில். அவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடம் எனக்குப் போன் செய்யவே இல்லை. அம்மாவிடம் தினமும் பேசுவாள். பேச்சின் கடைசியில், "அப்பா சாப்டாரா?" என்று கேட்பாள். "சாப்டாரு" என்று மனைவி சொல்வாள். நான் பக்கத்துச் சோபாவில் இருப்பேன். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். எங்கள் வீட்டுச் சேலைக்கு நூல் என்னுடையது.

அன்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நான் பல தடவை நினைத்தேன். எனக்கு அந்த வேலை தெரியாது. பழுதுபார்க்கத் தெரியும். அதனால் அவள் "குளிருதுப்பா" என்றதும், இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் சரிசெய்து கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டால் அவள் மறுபடியும் என்னிடம் பேசுவாள் என்பது என் கணக்கு.

"என்னா ஆச்சு?" என்றேன்.

அவர்கள் வாங்கிய பழைய வீட்டில் கூடத்தின் நடுவில் ஓர் இரும்பு அடுப்பு இருக்கிறது. சமைக்கிற அடுப்பு இல்லை, வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு. அதற்குத் தீனி, மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னத் துண்டுகள். பெல்லட் என்கிறார்கள். பார்ப்பதற்குக் கோழித்தீவனம்போல இருக்கும். மேலே ஒரு தொட்டியில் கொட்டிவிட்டால், ஒரு திருகு சுற்றிச் சுற்றி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே ஓர் இரும்புக் கிண்ணத்தில் தள்ளும். கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு சூட்டுக்கம்பி பழுக்கக் காயும். விசிறி காற்றை இழுக்கும். கால் மணி நேரத்தில் தீப்பிடித்துவிட வேண்டும். மகளின் அடுப்பில் திருகு சுற்றியது, விசிறி ஓடியது, துண்டுகள் விழுந்தன. தீ மட்டும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடும்.

"எர்ரர் அடிச்சு ஆஃப் ஆயிடுதுப்பா. மூணு தடவை ட்ரை பண்ணிட்டேன்."

"கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணினே?"

"சர்வீஸா?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு இதே பதிலை முப்பத்தொரு வருடமாகக் கேட்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பழுது அழுக்கினால் வருவது. ஏர்கானில் தண்ணீர் ஒழுகுகிறதா, குழாய் சோக் ஆகியிருக்கும், அதாவது அடைத்திருக்கும். குளிரவில்லையா, ஃபில்டர் சோக் ஆகியிருக்கும். கழற்றி, தண்ணீரை அடித்துக் கழுவினால் பாதிப் பழுது ஓடிவிடும். வாடிக்கையாளர் நம்மை மேதை என்று நினைப்பார்.

"சோக் ஆயிருக்கும் லா" என்றேன். "கிண்ணத்தைக் கழட்டு. தண்ணி ஊத்தி நல்லாத் தேய்ச்சுக் கழுவு. உள்ளயும் ஈரத்துணியை விட்டு அழுத்தித் தொடை, பின்னாடி வரைக்கும்."

"தண்ணியாப்பா? மேனுவல்ல பிரஷ்ஷும் வேக்யூமும்தான் போட்டிருக்கு."

"மேனுவல் எழுதுறவன் என்னைக்கு சர்வீஸ் பண்ணிருக்கான்?"

அவள் சிரித்தாள். இரண்டு வருடம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு முன்னால் ஒரு படம், வேலைக்குப் பின்னால் ஒரு படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால், நீ என்ன செய்து கிழித்தாய் என்று கேட்பார்கள். மகளிடமும் அதையே சொன்னேன். முதல் படம் வந்தது. சாம்பல் அப்பிய கிண்ணம். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது படம் வந்தது. கிண்ணம் பளபளவென்று இருந்தது. பின்சுவர்கூடப் புதுத் தட்டுபோல மின்னியது.

"இது வேலை" என்று பதில் அனுப்பினேன். என்னிடம் வேலை கற்றவர்களில் இரண்டு பேருக்குத்தான் நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

கிண்ணத்தைக் காயவைத்து மாட்டிப் போட்டுப் பார்த்தாள். தீ பிடிக்கவில்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. எங்களுக்கு இரண்டு மணி என்றால் அங்கே மாலை ஆறு. அவள் வேலை முடிந்து வருகிற நேரம், மருமகன் ஷிஃப்டில் இருக்கிற நேரம். ஜூன் அங்கே குளிர்காலம், வெளியே இருட்டிவிட்டிருந்தது. படுக்கையறையில் சின்ன மின்சார ஹீட்டர் ஒன்று இருப்பதாகவும், அதன் முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுவதாகவும் சொன்னாள். இங்கே என் பனியன் முதுகில் ஒட்டியிருந்தது.

அன்று நான் தீனியைப் பார்த்தேன். "ஒரு துண்டை எடுத்து ஒடைச்சுக் காட்டு."

அவள் விரலால் அழுத்தியதும் அது உதிர்ந்தது. மூட்டை எங்கே இருந்தது என்று கேட்டேன். கார் நிறுத்துகிற அறையில், சிமெண்டுத் தரையில். ஈரம் ஏறிவிட்டது. ஈரமான அரிசியே பொரியாது, மரத்தூள் எப்படிப் பிடிக்கும் என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். கடையிலிருந்து வந்த புது மூட்டை ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதில் ஒரு துண்டை ஒடித்தாள். டக்கென்று முறிந்தது. அந்தச் சத்தம் சுவா சூ காங் வரை கேட்டது. பழையதை முழுக்க அள்ளி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வைத்தேன்.

"பத்து நிமிஷம் பாரு" என்றேன், சாய்ந்து உட்கார்ந்தபடி.

பதினைந்து நிமிடம் பார்த்தோம். நான், என் மனைவி, மகள் மூவரும் ஓர் இருட்டுக் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒரு சூடத்தை ஏத்தி உள்ள போடேன்டி. பத்திக்கும்" என்றாள் மனைவி.

"அம்மா, அதுக்குள்ள எதையும் போடக்கூடாதும்மா."

"எதையும்னா? சூடம்தானே."

"நீ சும்மா இரு" என்றேன். அவள் சும்மா இருந்தாள். அவள் சும்மா இருப்பதில் பல வகை உண்டு. இது நல்ல வகை இல்லை.

மிச்சம் இருந்தது சூட்டுக்கம்பி. வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, அடுப்பை மறுபடி போட்டு, கிண்ணத்தின் பின்பக்கம் செவ்வொளி தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். கம்பி காய்ந்தால் அங்கே சிவப்பாகத் தெரிய வேண்டும். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல. கருப்பாத்தான் இருக்கு."

"அப்ப கம்பி போச்சு" என்றேன். டாக்டர்கள் சொல்கிற தொனியில்தான் சொன்னேன். அங்கே இருக்கும் கடையில் கம்பி வர இரண்டு வாரம் ஆகும், ஆள் வர அதற்கும் மேல் ஆகும் என்றாள். "நான் இங்க பார்க்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். குளிர் என்பதே இல்லாத ஊரில் வீடு சூடாக்கும் அடுப்புக்குப் பாகம் தேடப் போவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை ரயில் ஏறி ஜாலான் புசாருக்குப் போனேன். முப்பது வருடமாக நான் சாமான் வாங்கிய ஹார்ட்வேர் கடை. முதலாளி சீனர், என் வயதுதான். நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி மலாய். அவருக்குக் கைபேசியில் கம்பியின் படத்தைக் காட்டினேன்.

எதைச் சூடாக்க என்று கேட்டார்.

வீட்டை என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வெளியே நடைபாதையில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு லாரி ஓட்டுநர் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு நின்றிருந்தார். முதலாளி மறுபடியும் என்னைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள் என்று விளக்கினேன். அவர் முகம் தெளிந்தது. குளியலறை ஹீட்டருக்கான கம்பி ஒன்றை எடுத்து வைத்தார். பிறகு அரிசிக் குக்கரின் அடித்தட்டு ஒன்று. அதுவும் சூடாகும் என்றார். அவர் சொன்னது உண்மைதான். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நடந்து லிட்டில் இந்தியாவுக்கு வந்து, வழக்கமாகச் சாப்பிடும் கடையில் தோசை சொன்னேன். தோசை வரும்வரை சும்மா இருக்க முடியாமல், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பியின் அளவு ஏதாவது பிடிபடுமா என்றுதான் பார்த்தேன்.

முதல் படம், வேலைக்கு முன்னால். கிண்ணத்தில் சாம்பல். பின்சுவரில், சாம்பலுக்கு நடுவே, கரிய ஓட்டை ஒன்று. ஐந்து காசு அளவு இருக்கும். கம்பியின் சூடு காற்றோடு கிண்ணத்துக்குள் வருகிற வழி அதுதான்.

இரண்டாவது படம், வேலைக்குப் பின்னால். பளபளப்பான கிண்ணம். பளபளப்பான பின்சுவர். ஓட்டையைக் காணவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஓட்டை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஓர் அடைப்பு இருந்தது. சாம்பலில் தண்ணீர் ஊற்றினால் குழையும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் அந்தக் குழம்பு போகிற இடம் ஓட்டைதான். காய்ந்தால் பூசிவைத்த மாதிரி ஆகிவிடும். கம்பி உள்ளே பழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தச் சூடு வெளியே வரும் வழியை நான் சுவர் வைத்து அடைத்திருக்கிறேன். அடைத்துவிட்டு, "இது வேலை" என்று பாராட்டும் அனுப்பியிருக்கிறேன்.

பிறகு வரிசையாக யோசித்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம். முதலில் இருந்த பழுது ஈரத் தீனி மட்டும்தான். புதன்கிழமை புது மூட்டையைப் போட்டதும் அடுப்பு எரிந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் புதன்கிழமை அவள் வீடு சூடாகியிருக்கும். முப்பத்தொரு வருடம் அடைப்பு எடுத்தே பிழைத்தவன், ஐயாயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருக்கிற ஓர் அடுப்பில் தொலைபேசி வழியாக அடைப்பு ஏற்படுத்தியிருக்கிறேன்.

தோசை ஆறிவிட்டது. நான் ஆறிய தோசை சாப்பிடுகிற ஆள் இல்லை. அன்று சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரயிலில் ஒரே யோசனை. தப்பை ஒப்புக்கொள்ளாமலே அடுப்பைச் சரிசெய்ய வழி இருந்தது. "அந்த ஓட்டையில தூசி இருக்கும், குத்தி எடு" என்றால் முடிந்தது. அவளுக்குத் தெரியப்போவதில்லை. தொழிலில் இப்படிச் செய்திருக்கிறேன், அதை இங்கே சொல்லிவிடுகிறேன். நானே உடைத்த ஒன்றை நானே மாற்றிவிட்டு, "பழைய பார்ட் மேடம், வயசாயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர் தலையாட்டுவார். ஆனால் இது மகள். என் பேச்சைக் கேட்டுத்தான் மேனுவலை மூடி வைத்தாள். என் பேச்சைக் கேட்டுத்தான் இரண்டு வருடம் போன் செய்யாமலும் இருந்தாள்.

இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"கம்பி கெடச்சுதாப்பா?"

"இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றேன்.

இதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பு தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

"பரவால்லப்பா. நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள். அதோடு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலி தாண்டி வருவதைச் சொன்னாள். பஸ்ஸில் யாரும் யாருக்கும் பக்கத்தில் உட்காருவதில்லை என்று சொன்னாள். வேலையிடத்தில் அவள் பெயரை ஆளுக்கொரு விதமாகக் கூப்பிடுகிறார்களாம். இருபது நிமிடம் பேசினாள். பேசும்போது அவள் வாயிலிருந்து லேசாகப் புகை வந்தது. வீட்டுக்குள்ளே. அது குளிர் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

போனை வைத்த பிறகு எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அடுப்பு எரியாதவரை தினமும் இரண்டு மணிக்கு இவள் என்னிடம் பேசுவாள். அதை நான் நினைத்தேன். மறைத்துப் பயனில்லை. அடுத்த நொடியே அந்தப் புகை நினைவுக்கு வந்து, என்மேலேயே அருவருப்பாகிவிட்டது.

"என்னா கண்டுபிடிச்சீங்க?" என்றாள் மனைவி. நான் இன்னும் வாயே திறக்கவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்கிற நிலை. படங்களைக் காட்டினேன். அவள் ஒன்றைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள். ஏர்கானோ அடுப்போ அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஐந்து நொடியில் விரலை வைத்து, "இங்க இருந்த ஓட்டை எங்க?" என்றாள்.

நான் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"கம்பி போச்சு கம்பி போச்சுன்னு ஜாலான் புசார் வரைக்கும் போனீங்களே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." சமையலறை வாசலில் நின்று திரும்பினாள். "புள்ளைகிட்ட சொல்லப் போறீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

"இன்னைக்கு அவ ஜாக்கெட்டோடதான் படுப்பா" என்றாள். இப்போதே கூப்பிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று எங்கள் படுக்கையறையில் நான் ஏர்கான் போடவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை அவள் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. இரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நானே கூப்பிட்டேன். இரண்டு வருடத்தில் நானாக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எங்கே அழுத்துவது என்று மனைவி காட்டித்தர வேண்டியிருந்தது. மகள் பதறிப்போய் எடுத்தாள்.

"என்னாப்பா? அம்மாவுக்கு என்னா?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. தப்பு என்மேல" என்றேன்.

சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லலாம் என்று காலையிலிருந்து தயார்செய்திருந்தேன். கடைசி வரி முதலில் வந்துவிட்டது. மனைவி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது.

பிறகு மகள், "எந்தத் தப்புப்பா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "பெரிய லிஸ்ட் இருக்குல்ல" என்றாள். அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"இருக்கு" என்றேன். "அடுப்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

ஆரம்பித்தேன். தண்ணீர் ஊற்றச் சொன்னது தப்பு என்றேன். மேனுவலில் போட்டிருந்ததுதான் சரி என்றேன். ஓட்டை அடைத்துக்கொண்டதை நேற்றே பார்த்துவிட்டேன், நேற்றே சொல்லாதது அதைவிடத் தப்பு என்றேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் வாடிக்கையாளர்களிடம் இப்படிப் பேசியிருந்தால் ஆறு மாதத்தில் வேலை போயிருக்கும்.

"சரிப்பா. இப்ப என்னா பண்ணணும்?" என்றாள்.

"மொதல்ல அடுப்போட சுவிட்ச ஆஃப் பண்ணு. பிளக்கையும் கழட்டிடு. மெல்லிசா, நீளமா ஏதாச்சும் கம்பி இருக்கா?"

அவள் எழுந்து போய் ஓர் ஊசியோடு வந்தாள். பின்னல் ஊசி. அதில் பாதி பின்னிய நீலக் கம்பளி தொங்கியது. இன்னோர் ஊசிக்குத் தையல்களை மாற்றிவிட்டு வெற்று ஊசியைக் காட்டினாள்.

"நீ பின்னுவியா?"

"ரெண்டு வருஷமாப் பின்றேன்ப்பா. தலையில போட்டிருக்கேனே, இதுகூட நான் போட்டதுதான்."

நான்கு நாளாக அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கத் தோன்றவில்லை.

மெதுவாக, கம்பியில் படாமல், ஓரமாகக் குத்தச் சொன்னேன். அடைப்பு எடுப்பது எப்படி என்று மட்டும் எனக்கு உண்மையிலேயே தெரியும். இப்படி, அழுத்தாமல், சுழற்றி, வெளியே இழு. அவள் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு செய்தாள். பள்ளிக்கூடக் கணக்குப் போடும்போதும் அப்படித்தான் கடிப்பாள். முதலில் தூளாக உதிர்ந்தது. பிறகு விரல்நகம் அளவுக்கு ஒரு கட்டி, காய்ந்த திருநீற்றுக் கட்டிபோல, கிண்ணத்தில் டொக்கென்று விழுந்தது. அதை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள்.

"படம் எடுத்து அனுப்பட்டாப்பா? பிஃபோர், ஆஃப்டர்?"

"வேணாம்" என்றேன்.

தூளை வேக்யூம் போட்டு எடுத்தாள். கிண்ணத்தை ஆடாமல் பொருத்தினாள். மூட்டையிலிருந்து புதுத் தீனி போட்டாள். பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டு, பொத்தானை அழுத்தினாள். விசிறி சத்தம் வந்தது. பெல்லட் துண்டுகள் ஒவ்வொன்றாக இரும்பில் விழுந்து தெறித்தன. வீட்டு விளக்கை அவளாகவே அணைத்தாள்.

"தெரியுதுப்பா" என்றாள். "செவப்பா."

எனக்கும் தெரிந்தது. கிண்ணத்தின் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி. ஐந்து நிமிடம் போயிற்று. எட்டு நிமிடம். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாகப் புகை சுற்றியது. மனைவி பயற்றங்காயை விட்டுவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் முந்தானையில் சூடத்தின் வாசம் வந்தது. சாமியறையில் ஏற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல். பத்தாவது நிமிடம் புகைக்குள் மஞ்சளாக ஏதோ அசைந்தது. பிறகு மொத்தக் கிண்ணமும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது.

மகள் தரையில் அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கைபேசியை எதன்மேலோ சாய்த்து வைத்தாள். திரையில் பாதி அவள் முகம், பாதி தீ. தொப்பியைக் கழற்றினாள். கொஞ்சம் கழித்து ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினாள். அவள் வாயிலிருந்து இப்போது புகை வரவில்லை.

வேலை முடிந்தது. இனி இணைப்பைத் துண்டித்துவிடுவாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். அவள் ஊசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.

"அடுத்தது என்னாப்பா?" என்றாள், தலை நிமிராமல்.

"எதுல?"

"லிஸ்ட்ல."

மனைவி என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு சமையலறைக்குப் போனாள். போகும்போது மின்விசிறியை நான்காம் எண்ணில் வைத்துவிட்டுப் போனாள்.

"ஏர்போர்ட்ல சொன்னது" என்றேன்.

மகள் பின்னிக்கொண்டே இருந்தாள். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை, செங்காங் வீட்டு ஏர்கானும் அதில் வந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கைபேசி உள்ளங்கையைச் சுடுகிற அளவுக்குச் சூடாகிவிட்டது. அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.